வேலைத்தலத்தில் உளநலம்: ஆளைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் உளநலப் பகுதியில்தானே வேலை, மன அழுத்தத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுங்கோ" என்று கேட்டார். சம்மதித்தேன். ஆனால் மூச்சை ஆழமாக இழுத்து விடுவது எப்படி, நித்திரைக்கு முன் பால் குடிக்கலாமா என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஏராளமான பேர் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அதுவும் வந்துவிடுகிறது. அவற்றில் பல நல்ல ஆலோசனைகள்தான். நான் பேச விரும்புவது வேறு.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களையும், இந்த மலரைத் தபாலில் பெற்றுக் கனடாவிலும் லண்டனிலும் நோர்வேயிலும் வாசிக்கப்போகிறவர்களையும் எண்ணிப் பார்த்தேன். அதிபர்கள் இருக்கிறீர்கள். வாட்டுக்குப் பொறுப்பான தாதியர், வங்கி முகாமையாளர்கள், பிரதேச செயலகத்தில் பகுதிக்குப் பொறுப்பானவர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள், முதியோர் இல்லம் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். அதாவது, இன்னொருவரின் லீவுப் படிவத்தில் கையெழுத்து வைக்கிறவர்கள். ஆகவே உங்கள் மனதைப் பற்றி அல்ல, உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களின் மனதைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கிளினிக்குக்கு உத்தியோகம் பார்க்கும் பெண்கள் வருவது தலையிடி என்று, நெஞ்சுக்குள் அடைக்கிறது என்று, பெருமூச்சு வருகிறது என்று. மனம் சரியில்லை என்று முதல் நாளிலேயே சொல்பவர் குறைவு. "யோசினை கூடிப்போச்சு டொக்டர்" என்பது பெரும்பாலும் மூன்றாம் தடவையில்தான் வரும். கிளினிக் கொப்பியைச் சந்தைப் பையின் அடியில், மரக்கறிக்குக் கீழே வைத்துக்கொண்டு வருகிறார்கள். தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிளினிக் இருக்க, இரண்டு பஸ் மாறித் தூர இடத்துக்குப் போகிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். கிளினிக் நாளில் அந்த வாங்கில் இருந்தால் மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். கலியாணம் பேசுகிற இடத்துக்கும் தெரிந்துவிடும். "அங்கொடை" என்ற ஓர் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிற சமூகம் நாங்கள்.

ஓர் ஆசிரியையின் கதையைச் சொல்கிறேன். வயது, ஊர், பாடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாரென்று தேட வேண்டாம்.

அவருக்குச் சாதாரண தர வகுப்பு இருந்தது. அதோடு இல்ல விளையாட்டுப் போட்டிப் பொறுப்பு. அதோடு பாடசாலையின் தரவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. இரவு பத்து மணிக்கும் "நாளைக்குக் காலமை வேணும்" என்று தொலைபேசியில் செய்தி வரும். வீட்டில் தாயார் பாரிசவாதத்தால் படுக்கையில். ஒரு பொறுப்பையாவது வேறு யாருக்கும் கொடுக்க முடியுமா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "எல்லாருக்கும்தான் கஷ்டம், சமாளியும் பிள்ளை" என்பது பதில். சமாளித்தார். ஆறேழு மாதத்தில் நித்திரை போனது, சாப்பாடு போனது, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று என்ன எழுத வந்தேன் என்று மறந்து நின்றார். மனச்சோர்வு நோய். இரண்டு கிழமை லீவு எடுத்தார். கொடுத்த மருத்துவச் சான்றிதழில் வருத்தத்தின் பெயர் இருந்தது. அது எத்தனை கைகளுக்கூடாகப் போனதோ, அவர் திரும்பி வருவதற்கு முதலே ஆசிரியர் அறைக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். சாதாரண தர வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். விளையாட்டுப் போட்டியும் போனது. "நீர் கொஞ்சம் ஆறுதலா இரும்" என்றார்கள். அவர் அறைக்குள் வந்தால் கதை நின்றது. "டொக்டர், வருத்தம் மாறிட்டுது. ஆனா என்னை இப்ப ஒருதரும் நம்பினம் இல்லை" என்றார் என்னிடம். பிறகு இடமாற்றம் கேட்டு எழுதினார்.

இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை. ஆனால் வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது குறைக்கவில்லை. வருத்தம் என்று தெரிந்ததும் கேளாமலே வேலையைப் பறித்துவிட்டார்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் வேலையைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் எல்லாரும் ஆளைப் பார்த்தார்கள்.

ஊழியரின் உளநலத்தைக் கவனிக்க வேண்டும் என்று இப்போது எல்லா நிறுவனங்களும் பேசுகின்றன. 'கவனிப்பது' என்ற நம் சொல்லில் இரண்டு பொருள் இருப்பதால் வில்லங்கமும் அங்கேதான் தொடங்குகிறது. நோயாளியைக் கவனிக்கிறோம், பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளையும் கவனிக்கிறோம். முதலாவதைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிற இடங்கள் கூடிவருகின்றன.

யப்பானில் நடந்ததைப் பாருங்கள். அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவுக்கென்றே 'கரோஷி' என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கும் நாடு அது. 2015 டிசம்பர் 1 முதல் அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் வருடத்துக்கு ஒரு தடவை ஊழியர்களுக்கு மன அழுத்தக் கேள்விக்கொத்து கொடுக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று உண்டு. ஒருவரின் விடைகளின் முடிவு அவர் கைக்குத்தான் நேரே போகும். அவருடைய சம்மதம் இல்லாமல் முதலாளியிடம் கொடுக்கக் கூடாது. முதலாளிக்குக் கிடைக்கக் கூடியது பகுதிவாரியாகத் தொகுத்த விபரம்: கணக்குப் பகுதியில் பாரம் கூட, களஞ்சியத்தில் மேலாளரின் ஆதரவு குறைவு என்பது போல. ஆளின் மனம் ஆளுக்கே. வேலையின் நிலை முதலாளிக்கு. நல்ல பங்கீடு.

ஆனால் அந்தச் சட்டம் வந்த அதே டிசம்பரில், 25 ஆம் திகதி, தோக்கியோவில் டென்ட்சு என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் வேலை செய்த 24 வயது இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன்னர் மாதத்துக்கு 100 மணித்தியாலத்துக்கும் மேல் மேலதிக வேலை செய்திருந்தார். அடுத்த வருடம் அந்த நாட்டின் தொழில் அதிகாரிகள் அந்தச் சாவுக்கு வேலைதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டார்கள். கேள்விக்கொத்தால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவருடைய நோய் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்ததல்ல பிரச்சினை, அவருடைய மணித்தியாலங்கள்தான் பிரச்சினை. அந்த மணித்தியாலங்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தன. 2018 இல் யப்பான் சட்டத்தை மாற்றியது, 2019 ஏப்ரலில் இருந்து மேலதிக வேலைக்கு உச்ச வரம்பு வந்தது: பொதுவிதியாக மாதத்துக்கு 45 மணித்தியாலம், வருடத்துக்கு 360. அதுதான் மருந்துக்குக் கிட்டவான பொருள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் வேலைத்தல உளநலத்துக்கென்று வழிகாட்டல்களை வெளியிட்டது. ஊழியர்களைக் கேள்விக்கொத்து வைத்துச் சோதிப்பதைப் பற்றி அதில் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, செய்ய வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நன்மை கூடவா தீமை கூடவா என்று தெளிவில்லை என்பதே காரணம். ஆனால் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், வேலை அமைந்திருக்கிற விதத்தைத் திருத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2019 இலேயே, வேலையால் வரும் ஓய்ச்சலை நோய் என்று வகைப்படுத்தாமல் தொழில் சார்ந்த ஒரு நிலை என்று அதே ஸ்தாபனம் வரையறுத்திருந்தது. உடலும் மனமும் களைத்துப்போதல், வேலையில் இருந்து மனம் விலகி வெறுத்துப்போதல், செய்கிற வேலை சரிவரவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்தது. இதை நான் நோயாளிகளுக்குச் சொல்லும்போது பலர் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன். பழுது தன்னில் இல்லை, வேலை கட்டப்பட்டிருக்கிற விதத்தில் என்று கேட்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

நம் ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று பழமொழி வைத்திருக்கிறோம். அரச உத்தியோகம் கிடைத்தால் கவலை தீர்ந்தது என்பது எண்ணம். லண்டனில் அப்படி அரச உத்தியோகம் பார்த்தவர்களையே வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. வைற்ஹோல் ஆய்வு என்று பெயர், மைக்கேல் மார்மொட் தலைமை. 1985 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 10,308 பேர். மேலே இருக்கிறவர்களுக்குத்தான் பொறுப்புக் கூட, ஆகவே அவர்களுக்குத்தான் நெஞ்சுவருத்தம் கூட வரும் என்றுதான் எவரும் நினைப்பார். கண்டது எதிர்மாறாக. படி இறங்க இறங்க வருத்தம் கூடியது. எல்லாரும் நிரந்தர உத்தியோகம், ஓய்வூதியம் உள்ளவர்கள், பட்டினி கிடப்பவர் யாருமில்லை. அப்படியிருந்தும் ஏன் என்று பார்த்தபோது முக்கியமாக அகப்பட்ட காரணங்களில் ஒன்று, தன் வேலையை எப்படி, எந்த ஒழுங்கில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருப்பது. வேலை கூட இருப்பதைவிட, கூட இருக்கிற வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாமல் இருப்பது ஆளை அதிகம் வாட்டுகிறது. அந்த ஆசிரியை கேட்டதும் அவ்வளவுதான். மூன்று பொறுப்பில் எதை விடுவது என்று தானே சொல்ல இடம் கேட்டார்.

இதைப் பெரிய கந்தோர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணப் பட்டினத்துப் புடவைக்கடை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். காலையில் கடை திறந்ததில் இருந்து இரவு பூட்டும் வரை பிள்ளைகள் நிற்கிறார்கள். மேலே கமரா. முதலாளி வெளிநாட்டில் இருந்தாலும் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் இருக்கக் கூடாது. மலசலகூடத்துக்கு அடிக்கடி போனால் பேச்சு விழும் என்று தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள், பிறகு சலக்கடுப்பு என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் இதே பிரச்சினைக்காக, முதலில் மலசலகூடத்துக்காகவும் பிறகு இருக்கைக்காகவும் பல வருடம் போராடினார்கள். 2018 இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி இருக்கும் உரிமையைக் கொடுத்தது. 2021 இல் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. உங்களில் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் உளநலத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கருத்தரங்கு வைக்க முதல் நாலு கதிரை வாங்கிப் போடுங்கள் என்பேன். சிரிக்கிறீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். நமது நாட்டில் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. சுகவீனமும் அந்த ஏழுக்குள்தான் அடங்க வேண்டும். அதையாவது முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

இந்த இடத்தில் உங்களில் மூத்தவர்கள் மனதுக்குள் ஒன்று சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நாங்கள் ஷெல்லடிக்குள்ளை படிப்பிச்சனாங்கள். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு என்ன குறை?" கந்தோர்களிலும் ஆசிரியர் அறைகளிலும் இளையவர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. மரியாதையோடு இதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மை. நீங்கள் படிப்பித்தீர்கள். படித்தவர்களில் நானும் ஒருத்தி.

1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமம் பெயர்ந்தபோது நான் சாதாரண தர மாணவி. தென்மராட்சியில் ஒரு பாடசாலையில், அவர்களுடைய வகுப்பு முடிந்த பிறகு மத்தியானத்துக்குப் பின் எங்கள் வகுப்பு. இடம் போதாத நாளில் மரத்தடி. எங்கள் கணித ஆசிரியை இரண்டே சேலையை மாறி மாறி உடுத்து வந்தார். வீடு என்னவாயிற்று என்று அவருக்குத் தெரியாது. தமையனைப் பற்றிய தகவல் இல்லை. ஆனாலும் திரிகோண கணிதம் நடந்தது.

அதற்கும் எட்டு வருடம் முன்னர், 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளன்று யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். வைத்தியர்கள் சிவபாதசுந்தரம், பரிமேலழகர், கணேசரத்தினம் மூவரும் அதில் அடக்கம். தாதியரும் சிற்றூழியரும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதே வாட்டுகளுக்கு, அதே கட்டில்களுக்கு நடுவே வேலைக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வைத்தியசாலையில் விளக்கேற்றி நினைவுகூருகிறார்கள்.

இவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று யோசித்திருக்கிறேன். என் எண்ணம் இது. அந்தக் காலத்தில் துன்பம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, அதனால் வெட்கம் இல்லை. ஒருவர் அழுதால் ஏன் என்று கேட்கத் தேவையில்லை, ஊருக்குத் தெரிந்தால் என்ன என்ற பயமும் இல்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்தால் ஆறு பேர் கை வைத்தார்கள். இன்னொன்று, எந்த மரத்தடி, எந்தப் பாடம், எத்தனை மணிக்கு என்று ஆசிரியர்களே தீர்மானித்தார்கள். சுற்றறிக்கை வரவில்லை, தரவு ஏற்றச் சொல்லி இரவு பத்து மணிக்கு ஒருவரும் கேட்கவில்லை. வைற்ஹோல் ஆய்வு கண்டுபிடித்த அந்தப் பொருள், குண்டு விழுந்த காலத்தில் அவர்கள் கையில் இருந்தது. இப்போது நிரந்தர உத்தியோகத்தில் இருக்கும் இளம் ஆசிரியையிடம் அது இல்லை. ஆகவே இரண்டு பாரத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

தாங்கினார்கள் என்பதும் முழுக் கதையல்ல. ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளிநாடு போய், வீடு அமைதியான பிறகு நித்திரை தொலைந்து எங்களிடம் வருகிற அந்தத் தலைமுறை ஆசிரியர்களும் தாதியரும் இருக்கிறார்கள். வேலை இருந்தவரை வேலை தூக்கி வைத்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் உளநல வேலைக்கு அத்திவாரம் போட்டவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வடக்கின் மனநோய் வைத்தியம் அவர் தோளில் கிடந்தது. 'மனவடு' என்ற சொல்லை நாங்கள் எல்லாரும் புழங்குவதற்கு அவர் எழுதிய நூலும் ஒரு காரணம். 1987 இல் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. ஆசிரியர்களுக்கும் பயிற்சிகள் நடந்தன, வகுப்பில் ஒதுங்கி இருக்கிற பிள்ளையை எப்படி இனங்காண்பது என்று. மிகப் பெறுமதியான வேலை. ஆனால் அந்த ஆசிரியை ஒதுங்கி இருந்தால் இனங்காண்பது யார் என்பது அன்று யாருடைய பாடத்திட்டத்திலும் பெரிய இடம் பிடிக்கவில்லை. அது இப்போது உங்கள் கையில் வந்திருக்கிறது.

எதைப் பார்ப்பது? முகத்தைப் பார்க்க வேண்டாம். முகத்தை மறைக்க நம் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டோம். வேலையில் வந்த மாற்றத்தைப் பாருங்கள். பிந்தியே வராதவர் பிந்துகிறார். இடாப்பில் பிழை விடாதவர் விடுகிறார். மத்தியானம் எல்லாரோடும் சாப்பிட்டவர் தனியே சாப்பிடுகிறார், அல்லது சாப்பிடுவதில்லை. திங்கட்கிழமைகளில் லீவு. எதிர்ப்பக்கமும் உண்டு: வீட்டுக்குப் போக மனமில்லாமல் மின்விளக்கு அணைக்கும் வரை இருக்கிறவர். அவரைக் கெட்டிக்காரி என்று பரிசளிப்பு விழாவில் பாராட்டிவிடுவோம், கவனம்.

கண்டால் தனியே கூப்பிடுங்கள். ஆனால் "உமக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான், "ஒண்டுமில்லை மிஸ்." "கொஞ்ச நாளா வேலை பாரமாக் கிடக்குதோ? எதைக் குறைச்சால் சுகமாயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டுக் கதை சொல்ல வேண்டியதில்லை, வருத்தத்தின் பெயர் சொல்ல வேண்டியதில்லை. வேலையைப் பற்றிய கேள்விக்கு வேலையைப் பற்றிப் பதில் சொல்லலாம். சொன்னபிறகு ஒன்றையாவது உண்மையில் குறைக்க வேண்டும், அந்தக் கிழமைக்குள். இல்லாவிட்டால் கேட்காமலே விட்டிருக்கலாம். அவர் சொன்னது உங்கள் கணவருக்கும் தெரியக் கூடாது.

இரகசியத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. இனி இருந்து என்ன என்ற மாதிரிப் பேச்சு வந்தால், சாக வேணும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இது பல ஆய்வுகளில் பார்த்த விடயம். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் அவர் நம்பும் ஒருவரை அழையுங்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பொலிஸ் வரும், வழக்கு வரும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு இலங்கையில் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை உங்கள் ஊழியர்களுக்கு, யாருக்கும் தேவைப்படாத ஒரு சாதாரண நாளில் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, லீவு முடிந்து திரும்பி வருவது பற்றி. எங்கள் நோயாளிகளில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில். "டொக்டர், தலைச்சுத்து எண்டு எழுதிவிடுங்கோ, முதுகுநோ எண்டு எழுதிவிடுங்கோ" என்று சான்றிதழுக்காகக் கெஞ்சுகிறார்கள். வைத்தியருக்குப் பொய் எழுத முடியாது. உண்மையை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். வேலைத்தலத்துக்குத் தேவை வருத்தத்தின் பெயரா என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பிரித்தானியாவில் இருக்கும் நம் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும், 2010 ஏப்ரலில் அங்கே பழைய சுகவீனச் சான்றிதழை மாற்றிப் புதிய ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று மட்டும் எழுதாமல், இன்ன மாற்றம் செய்தால் வேலை செய்யலாம் என்றும் வைத்தியர் அதில் எழுதலாம்: படிப்படியாகத் திரும்புதல், மணித்தியாலத்தை மாற்றுதல், கடமையை மாற்றுதல், வேலையிடத்தைத் திருத்துதல். அங்கேயும் இது முழுதாகச் சரிவந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இவருக்கு என்ன வருத்தம் என்பதை விட்டு, இவரால் இப்போது எதைச் செய்ய முடியும் என்று கேட்கிறது.

நம் ஊரிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1847 இல் இந்த வட்டுக்கோட்டைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், அடுத்த வருடமே மானிப்பாய்க்குப் போய், அங்கே தமிழில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்த கதையை இங்கே சின்ன வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தோம். அவர் பத்து வருட வேலைக்குப் பிறகு 1857 இல் அமெரிக்கா திரும்பினார் என்பதையும், ஐந்து வருடம் அங்கே இருந்து 1862 இல் மீண்டும் வந்து 1873 வரை வேலை செய்தார் என்பதையும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தமிழ் வைத்திய நூல்களில் முக்கியமானவை சில வெளிவந்தது அந்த இரண்டாம் தவணையில்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். லீவில் இருந்து ஒருவர் திரும்பும்போது, அவர் இல்லாத இடத்தில் அவருக்காகத் தீர்மானம் எடுக்காதீர்கள். வகுப்பை எடுத்துவிடாதீர்கள், காசுக் கவுண்டரில் இருந்து எழுப்பிவிடாதீர்கள். முதல் நாள் காலையில் பத்து நிமிடம் அவரோடு இருந்து, எதை இப்போதே எடுக்கிறீர், எதை அடுத்த மாதம், எதை விடுகிறீர் என்று கேட்டு, இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு கிழமையில் திரும்பப் பாருங்கள்.

இதற்கு ஒரு பக்கக் கடித மாதிரி ஒன்று தயாரித்திருக்கிறேன். வைத்தியர் நிரப்பும் பகுதியில் வருத்தத்தின் பெயருக்கு இடம் வைக்கவில்லை. என்ன வேலை செய்யலாம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் இருக்கிறது. கீழ்ப்பகுதியை ஊழியரும் பொறுப்பானவரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். அது அரசாங்கப் படிவம் அல்ல, லீவுக்கான சான்றிதழுக்குப் பதிலாகவும் பாவிக்க முடியாது. அதோடு சேர்த்து வைக்கலாம். தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் மேல்மாடிக்குப் போகும் படியடியில் நிற்பேன்.